கவிழ்ந்த தூண்டில் படகு: தேடல் எங்கே தவறுகிறது

தொல்கொரே, சொன்சாங்-1, முஜொக். மூன்றும் தென்கொரியாவின் வாடகைத் தூண்டில் படகுகள். முதலாவது 2015-இல் கவிழ்ந்தது, அடுத்தது 2017-இல், கடைசி 2019-இல். மூன்றின் பதிவேட்டிலும் ஒரே அளவு: 9.77 டன். தற்செயல் ஒன்றும் இல்லை. அந்த நாட்டுச் சட்டப்படி, மீன்பிடிப் படகில் காசு வாங்கிக்கொண்டு தூண்டில்காரர்களை ஏற்ற வேண்டுமானால் படகு 10 டன்னுக்குள் இருக்க வேண்டும். ஆகவே பத்தைத் தொடாமல் எவ்வளவு பெரிதாகக் கட்ட முடியுமோ அவ்வளவு பெரிதாகக் கட்டுகிறார்கள். இந்த டன் எடைக்கணக்கு அல்ல, படகுக்குள் அடைபடும் கொள்ளளவின் கணக்கு. பதின்மூன்று பதினான்கு மீட்டர் நீளம், பைபர் உடல், ஒரு சுக்கான் அறை, அதோடு சேர்ந்தாற்போல் ஆட்கள் படுத்துக்கொள்ளத் தாழ்வான கேபின். ஏறக்கூடியவர்கள் 22 பேர் வரை.

சட்டத்தில் ஓர் எண் வந்துவிட்டால் அதை ஒட்டியே தொழில் வளரும். அமெரிக்காவிலும் இதுதான் கதை. 1951 செப்டம்பர் 1 அன்று நியூயார்க் மாநிலத்தின் மாண்டாக் முனைக்கு அருகே பெலிக்கன் என்ற 42 அடி தூண்டில் படகு 64 பேரோடு புரண்டது. இரண்டு என்ஜினில் ஒன்று நின்றுபோய், திடீரென எழுந்த காற்றும் எதிரே ஓடிய நீரோட்டமும் மோதிக்கொண்ட இடத்தில் தத்தளித்துக்கொண்டிருந்த படகு அது. 45 பேர் இறந்தார்கள். அதன் தொடர்ச்சியாக 1956-இல் வந்த சட்டம், ஆறு பயணிகளுக்கு மேல் ஏற்றும் படகை அரசு சோதிக்க வேண்டும் என்றது. ஆறு பேரோடு நிறுத்திக்கொள்ளும் சிறு வாடகைப் படகுகள் இன்றைக்கும் அங்கே தனி இனம்.

கொரியாவின் முதல் இரண்டு விபத்துகளை அடுத்தடுத்து வைத்துப் பார்க்க வேண்டும். ஒன்றில் பெரும்பாலானோர் லைஃப் ஜாக்கெட் போடவில்லை, இன்னொன்றில் போட்டிருந்தார்கள். ஒன்றில் படகு கவிழ்ந்தது ஒரு மணி நேரத்துக்குக் கரைக்குத் தெரியவில்லை. இன்னொன்றில் சில நிமிடங்களில் தெரிந்துவிட்டது. ஒன்றில் ஆட்கள் கவிழ்ந்த படகின் முதுகில் இருந்தார்கள்; இன்னொன்றில் வயிற்றுக்குள். ஆனாலும் ஒன்றில் பதினெட்டுப் பேரும் இன்னொன்றில் பதினைந்து பேரும் திரும்பவில்லை. லைஃப் ஜாக்கெட் போட்டால் பிழைக்கலாம், போடாவிட்டால் சாவு என்று பத்திரிகைகள் எழுதும் ஒற்றை வரி இதில் செல்லாது.

முதலில் தொல்கொரே. 2015 செப்டம்பர் 5, சனிக்கிழமை. தென்மேற்குக் கரையின் ஹேனாம் பகுதியில் இருந்து சுஜா தீவுகளுக்குப் பாறைத் தூண்டில் போடப் போனவர்களை ஏற்றிக்கொண்டு, மாலை ஏழு மணிவாக்கில் கீழ்ச்சுஜா தீவின் சின்யாங் துறையில் இருந்து திரும்பியது. இருட்டு, மழை, காற்று. 7.40-க்குச் சற்று முன்னால் படகின் இருப்பிடச் சமிக்ஞை நின்றுபோனது. தப்பித்தவர்கள் சொன்னபடி, என்ஜின் நின்றது, பெரிய அலை தூக்கியது, படகு புரண்டது.

என்ஜின் நிற்பதற்கும் படகு புரள்வதற்கும் உள்ள தொடர்பைக் கடலுக்குப் போகிறவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்காக: ஓடுகிற படகு அணியத்தை, அதாவது முன்பக்கத்தை, அலைக்குக் காட்டி நிற்கும். உந்துதல் நின்ற சில நிமிடங்களில் காற்று அதைக் குறுக்காகத் திருப்பிவிடும். குறுக்கே நிற்கும் படகை அலை விலாவில் அடிக்கும். அந்த நேரத்தில் இருபது பேர் கேபினில் ஒரு பக்கமாகச் சரிந்தால், ஆளுக்கு 75 கிலோ என்றாலும் ஒன்றரை டன் பாரம் ஒரே பக்கம் போய்ச் சேர்கிறது. மீன் பிடிக்கவென்று கட்டிய படகில் பாரம் அடியில் இருக்கும்: ஐஸ் பெட்டி, மீன், வலை. ஆள் ஏற்றும் படகில் அடிப்பகுதி காலி, பாரமெல்லாம் மேலே. அடுத்த அலை வரும்வரை அது நிமிராவிட்டால் கதை முடிந்தது. புரொப்பெல்லரில், அதாவது படகைத் தள்ளும் சுழல்விசிறியில், கயிறோ வலைத்துண்டோ சுற்றி என்ஜின் நிற்பது இந்தக் கடல்களில் அன்றாடம் நடப்பது. நின்றதும் செய்ய வேண்டிய முதல் வேலை கீழே குனிந்து கயிறு அறுப்பதல்ல. அணியத்தில் இருந்து நங்கூரத்தையோ, ஆழமாக இருந்தால் நீருக்குள் குடைபோல் விரிந்து பிடிக்கும் கடல் நங்கூரத்தையோ இறக்கி, அணியத்தை அலைப் பக்கம் பிடித்து வைப்பதுதான். கடல் நங்கூரம் இல்லையா? நீளக் கயிற்றின் முனையில் வலைச் சுருளையோ வாளிகளையோ கட்டி எறிந்தாலும் ஓரளவு பிடிக்கும்.

தொல்கொரேயில் இருந்த லைஃப் ஜாக்கெட்டுகள் மழையில் நனைந்திருந்தன, அதனால் பலரும் போட்டுக்கொள்ளவில்லை என்று தப்பியவர்கள் சொன்னார்கள். கேட்கச் சின்னக் காரணம். ஈரச் சட்டையை மேலே மாட்டிக்கொண்டு ஒன்றரை மணி நேரம் உட்கார யாருக்கும் மனம் வராது; எந்த நாட்டிலும் வராது. ஜாக்கெட்டை மூடி வைத்த பெட்டியில் காய்ந்த நிலையில் வைப்பதுதான் படகுக்காரர் செய்ய வேண்டியது. அபராதத்தைவிட அது அதிகம் பலன் தரும் என்பது என் கட்சி.

இனி, கரையில் நடந்தது. தொல்கொரேக்கு வி-பாஸ் என்ற தானியங்கி இருப்பிடக் கருவி இருந்தது. சமிக்ஞை அற்றுப்போனபோது கரையில் யாரும் கவனிக்கவில்லை. துணைக்கு வந்த இன்னொரு படகு தொல்கொரே-1. அதன் தலைவர் கூப்பிட்டுப் பார்த்து, பதில் வராமல், பிறகு தீவுக்குத் திரும்பி வந்து சுமார் 8.40-க்குக் கடலோரக் காவல் நிலையத்தில் சொன்னார். அங்கே என்ன செய்தார்கள்? பயணிகள் பட்டியலை எடுத்து ஒவ்வொருவராகத் தொலைபேசியில் அழைத்தார்கள். பட்டியலில் இருந்த ஒருவர் எடுத்து, தான் நலமாக இருப்பதாகச் சொன்னார். அவர் அந்தப் படகில் ஏறவே இல்லை. தேடல் உத்தரவுக்குப் பொறுப்பான அலுவலகத்துக்குத் தகவல் போய்ச் சேர 9.03 ஆகிவிட்டது.

பட்டியலில் 22 பெயர். படகில் இருந்தது 21 பேர். பெயர் இருந்த சிலர் ஏறவில்லை, ஏறிய சிலர் பெயர் இல்லை. இது காகிதக் குற்றம் போலத் தெரியும். தேடலில் இறங்கியவனுக்கு இது காகிதம் அல்ல. எத்தனை பேரைத் தேட வேண்டும் என்பது தெரியாவிட்டால் எப்போது நிறுத்துவது என்பதும் தெரியாது. பட்டியலில் உள்ள எண்ணுக்கு அழைத்தால் எடுப்பவர் கரையில் இருக்கிறாரா கடலில் இருக்கிறாரா என்ற குழப்பத்தில் முதல் அரைமணி போய்விடும். அந்த அரைமணியின் விலை என்ன என்று கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

கடைசியாகத் தெரிந்த இடத்தில் இருந்துதான் எந்தத் தேடலும் தொடங்கும். அதில் இருந்து நீரோட்டமும் காற்றும் ஆளை எங்கே கொண்டுபோயிருக்கும் என்று ஒரு மையப் புள்ளியைக் குறிப்பார்கள். நீரோட்டத்தைப் பற்றிய நம் கணிப்பில் மணிக்கு 0.3 கடல் மைல் பிசகு இருப்பதாக வைத்துக்கொள்வோம். கரையோரத் தீவுக்கூட்டத்தில் இது மிகையல்ல. ஒரு மணி நேரம் கழித்து ஆள் இருக்கக்கூடிய வட்டத்தின் ஆரம் 0.3 மைல், பரப்பு சுமார் 0.28 சதுர மைல். ஐந்து மணி நேரத்தில் ஆரம் 1.5, பரப்பு 7. பத்து மணி நேரத்தில் ஆரம் 3, பரப்பு 28. நேரம் இரட்டித்தால் பரப்பு நான்கு மடங்கு. இரவில் விளக்கில்லாத ஒரு தலையை ஒரு படகு பக்கவாட்டில் மொத்தம் 0.1 மைல் அகலத்துக்குப் பார்த்துவிடும் என்று தாராளமாகக் கணக்கிட்டாலும், எட்டு நாட் (மணிக்கு எட்டுக் கடல் மைல்) வேகத்தில் மணிக்கு 0.8 சதுர மைல்தான் துழாவ முடியும். முதல் மணியில் ஒரே படகு அரைமணிக்குள் முடித்துவிடும் வேலை, பத்தாவது மணியில் அதே படகுக்கு 35 மணி நேர வேலை. விடியும்வரை இருபது கப்பல் சுற்றியும் கிடைக்கவில்லை என்று செய்தி வரும்போது பலர் அலட்சியம் என்று திட்டுவார்கள். அலட்சியம் இருக்கலாம். ஆனால் பெரும்பாலும் முதல் ஒரு மணி நேரத்திலேயே ஆட்டம் கைமாறிவிட்டிருக்கும்.

அதிலும் சிக்கல், எல்லாப் பொருளும் ஒரே திசையில் மிதந்து போவதில்லை. நீரில் தலை மட்டும் தெரியும் ஆளைக் காற்று அதன் வேகத்தில் சுமார் நூற்றில் ஒரு பங்குதான் தள்ளும். மற்றபடி நீர் போன வழி அவன் போவான். கடல் நங்கூரம் போடாத ரப்பர் தெப்பத்தைக் காற்று நூற்றில் மூன்று நான்கு பங்கு வேகத்தில் தள்ளும். காற்று 20 நாட் என்றால் பத்து மணி நேரத்தில் ஆள் 2 மைல், தெப்பம் 6 முதல் 8 மைல். ஒரே இடத்தில் விழுந்தவர்கள்தான். விடிவதற்குள் நான்கு முதல் ஆறு மைல் பிரிந்துவிடுகிறார்கள். கவிழ்ந்த படகோ வேறு கணக்கு. மேலே தெரிவது அடிப்பாகம் கொஞ்சம், காற்றுக்குப் பிடி கிடையாது. கீழே தலைகீழாகத் தொங்கும் சுக்கான் அறை தண்ணீரைப் பிடித்துக்கொள்ளும். அது நீரோட்டத்துக்கே அடிமை.

தொல்கொரேயின் கடைசிச் சமிக்ஞை கீழ்ச்சுஜாவின் வடகிழக்கே, யெச்சோ கிராமத்துப் பக்கம். தேடல் கிழக்கே குவிந்தது. மறுநாள் காலை 6.25-க்குப் படகு கிடைத்தது தீவின் தென்மேற்கே, சொம்செங்கி என்ற குட்டித் தீவுக்கு அருகே. கண்டது தேடல் கப்பல் அல்ல, அந்த வழியாக வந்த ஒரு மீன்பிடிப் படகு. கவிழ்ந்த முதுகில் மூன்று பேர் மட்டும் இருந்தார்கள். தொடக்கத்தில் பத்துக்கு மேற்பட்டவர்கள் பிடித்துக்கொண்டிருந்ததாகவும், அலை அடிக்க அடிக்க ஒவ்வொருவராக நழுவிப் போனதாகவும் அவர்கள் சொன்னார்கள். 18 பேர் இறந்தோ காணாமலோ போனார்கள்.

சுஜா கடலில் ஏற்றமும் வற்றமும் சுமார் ஆறு மணிக்கு ஒருமுறை நீரோட்டத்தைத் திருப்பிவிடும். பத்து மணி நேரத்தில் ஒரு திருப்பமாவது இருந்தே தீரும். போன வழியிலேயே திரும்பி வந்து, தீவின் முனையைச் சுற்றி மறுபக்கம் போயிருக்க வேண்டும் என்பது என் கணிப்பு. மிதந்து போகும் பாதையைக் கணிக்கும் கணினி மாதிரிகள் திறந்த கடலில் நன்றாகச் சொல்லும். தீவுகளுக்கு இடையே, பாறை முனைகளில் சுழலும் நீரில் சறுக்கும். உள்ளூர்ப் படகுக்காரர்களிடம் "இந்த நேரத்துக்கு நீர் எந்தப் பக்கம் போகும்?" என்று கேட்டு ஒரு படகையாவது அந்தப் பக்கம் விடுவது, மாதிரிக்கு எதிரான வாக்கு அல்ல, அதற்கான காப்பீடு.

தேடும் படகில் இருப்பவர்களுக்கு இரண்டு விஷயம். மையப் புள்ளியில் இருந்து சதுரச் சுழலாக விரிந்து தேடுவது வழக்கம்: ஓர் அலகு தூரம் போய் 90 பாகை திரும்பு, மறுபடி ஓர் அலகு, திரும்பு, பிறகு இரண்டு, இரண்டு, மூன்று, மூன்று. இந்தச் சதுரத்தை ஜிபிஎஸ் திரையில் தரையின் மேல் அழகாக வரைந்தால் தப்பு. ஆட்கள் தரையில் இல்லை, நகரும் நீரில் இருக்கிறார்கள். இரண்டு நாட் நீரோட்டத்தில் ஒரு மணி நேரம் தரைக்கோட்டில் தேடினால், தேடப்படுபவர் இரண்டு மைல் தள்ளிப் போயிருப்பார். முதல் புள்ளியில் ஒரு விளக்கு மிதவையைப் போட்டுவிட்டு, திசைகாட்டியையும் கடிகாரத்தையும் வைத்து அதைச் சுற்றி ஓட்டினால் தேடும் சதுரமும் ஆட்களோடு சேர்ந்து மிதந்து போகும். இரண்டாவது, சத்தம். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை என்ஜினை அணைத்து ஒரு நிமிடம் காது கொடுக்க வேண்டும். இருட்டில் விசில் கேட்கும் தூரத்தில் முகம் தெரியாது. விளக்கடிப்பவர் விளக்கைக் கண்ணுக்குப் பக்கத்தில் பிடிக்க வேண்டும். ஜாக்கெட்டில் ஒட்டியிருக்கும் பிரதிபலிப்பு நாடா, வந்த ஒளியை வந்த வழியிலேயே திருப்பி அனுப்பும். இரண்டடி தள்ளி நிற்பவனுக்கு அது மங்கித் தெரியும்.

சொன்சாங்-1 கவிழ்ந்தது இரண்டு ஆண்டு கழித்து, 2017 டிசம்பர் 3, ஞாயிறு. இஞ்சியோனை அடுத்த யொங்ஹங் தீவின் ஜிந்து துறையில் இருந்து காலை ஆறு மணிக்கு 22 பேரோடு கிளம்பியது. ஐந்து நிமிடத்துக்குள், துறையில் இருந்து ஒரு கடல் மைல்கூடப் போகவில்லை, 336 டன் எண்ணெய்க் கப்பல் மியொங்ஜின்-15 அதன் இடது பின்பக்கத்தில் முட்டியது. தீவுகளுக்கு இடையே ஒடுங்கிய கால்வாய், இருவரும் ஒரே போக்கில் போய்க்கொண்டிருந்தார்கள். கப்பல் தலைவருக்குப் படகு இருப்பது தெரியும். அதுவே விலகிப் போய்விடும் என்று நினைத்தார். இருட்டில் இரண்டாவது ஆளாக நின்று பார்க்க வேண்டிய பணியாளர் தண்ணீர் குடிக்கப் போயிருந்தார். சிறிய படகுதான் வளைந்து கொடுக்கும் என்பது எழுதப்படாத பழக்கம். எழுதிய விதி வேறு: பின்னால் இருந்து முந்துகிறவர்தான் விலக வேண்டும், முந்தப்படுகிறவரும், எதிராளி விலகவில்லை என்று தெரிந்ததும் சும்மா இருக்கக் கூடாது. கப்பல் 12 நாட் வேகத்தில் வந்தால் நொடிக்கு ஆறு மீட்டர். முன்னூறு மீட்டரில் முடிவெடுக்காவிட்டால் ஒரு நிமிடத்துக்குள் எல்லாம் முடிந்துவிடும்.

டிசம்பர் விடியற்காலைக் குளிர். தூண்டில் போடும் இடத்துக்குப் போகும்வரை தூங்கலாம் என்று பெரும்பாலோர் கேபினுக்குள் இருந்தார்கள். ஜாக்கெட் போட்டிருந்தார்கள். படகு புரண்டது.

புரண்ட கேபினில் தரை மேலே, கூரை கீழே. கதவு நீருக்கு அடியில். வெளியே வர வேண்டுமானால் முதலில் கீழே மூழ்கி, கதவைக் கடந்து, பிறகு மேலே வர வேண்டும். நுரை ஜாக்கெட் போட்டவரை அது பழைய தரையோடு ஒட்டி அழுத்திவிடும். நீர் பட்டதும் தானாக ஊதிக்கொள்ளும் வகையோ இன்னும் மோசம். 33 கிராம் வாயுக் குப்பி நொடிகளில் பதினைந்து கிலோ மிதப்பைத் தந்துவிடும், அதை இழுத்துக்கொண்டு கீழே போக மனிதனால் ஆகாது. அதனால்தான் கேபினுக்குள் எந்த வகை ஜாக்கெட் என்பது மேல்தளத்தில் எந்த வகை என்பதில் இருந்து தனிக் கேள்வி. உள்ளே இருப்பவருக்குக் கையால் இழுத்தால் மட்டும் ஊதும் வகையே பொருத்தம். அல்லது, இன்னும் எளிதான வழி: ஒடுங்கிய கால்வாயை, துறை முகப்பை, இருட்டில் கப்பல் நடமாடும் பாதையைக் கடக்கும்வரை எல்லோரும் வெளியே அல்லது கதவருகே உட்காருவது. விமானம் ஏறும்போதும் இறங்கும்போதும் பெல்ட் போடச் சொல்வது போலத்தான் இதுவும்.

கடலில் விழுந்த நான்கு பேரை முட்டிய கப்பலே மீட்டது. கேபினின் ஒரு மூலையில் தங்கிய காற்றில் மூன்று பேர் தலையை நீட்டிக்கொண்டு நின்றார்கள். அவர்களிடம் நனைந்தும் வேலை செய்த ஒரு கைபேசி இருந்தது. மீட்பு மையத்துக்குத் திரும்பத் திரும்ப அழைத்தார்கள், இருப்பிடத்தைக் கைபேசியிலேயே அனுப்பினார்கள். காலை 8.48-க்கு வெளியே கொண்டுவரப்பட்டார்கள். மோதியதில் இருந்து இரண்டே முக்கால் மணி நேரம்.

அந்த நேரம் எப்படிப் போனது? பக்கத்துத் துறையில் இருந்த கடலோரக் காவல் படகு முன்னால் மற்றப் படகுகள் கட்டப்பட்டிருந்ததால் அவற்றை அவிழ்த்து நகர்த்திவிட்டுத்தான் கிளம்ப முடிந்தது. சம்பவ இடத்தைத் தொட்டபோது மணி 6.42. அதில் மூழ்கும் கருவிகள் இல்லை. பியொங்தெக்கில் இருந்து மூழ்குநர்கள் 7.17-க்கு வந்தார்கள். இஞ்சியோன் மீட்புக் குழுவின் புதிய படகு பழுதில், பழைய படகில் இரவில் ஓட்ட வசதி இல்லை. அவர்கள் சாலை வழியாக வந்து சேர்ந்தது 7.36. கவிழ்ந்த படகுக்கு முதலில் வருபவரிடம் மூழ்கும் கருவி இல்லையென்றால் அவர் வந்தது பார்வையாளராகத்தான். இதற்கு வீர தீரம் தேவையில்லை, ஒரு சிலிண்டரும் முகமூடியும் பயிற்சி பெற்ற ஒருவரும் எந்தத் துறையில் இருக்க வேண்டும் என்ற பட்டியல் தேவை.

மூன்று பேர் ஏன் பிழைத்தார்கள் என்பதைக் கொஞ்சம் கணக்கோடு பார்க்கலாம். காற்றுப் பொதிக்குள் ஆளைக் கொல்வது பெரும்பாலும் ஆக்ஸிஜன் தீர்வது அல்ல, வெளிவிட்ட கரியமில வாயு கூடுவது. அசையாமல் இருக்கும் ஒருவர் நிமிடத்துக்குச் சுமார் 0.3 லிட்டர் வெளியிடுவார். மூன்று பேருக்கு 0.9. 160 நிமிடத்துக்கு ஏறத்தாழ 145 லிட்டர். பொதி மூன்று கன மீட்டர், அதாவது 3,000 லிட்டர் என்றால் அது ஐந்து சதவீதத்தைத் தொடும். தலைவலி, மூச்சிரைப்பு, குழப்பம் எல்லாம் தொடங்கும் அளவு. பயத்தில் மூச்சு வேகமானால் இன்னும் சீக்கிரம். அந்தக் காலையில் வற்றம் நடந்துகொண்டிருந்தது; நீர் இறங்க இறங்க உள்ளே காற்று கூடியதாகத் தப்பியவர்கள் சொன்னார்கள். அதிர்ஷ்டம்தான், ஆனால் அசையாமல், கத்தாமல் இருந்தது அவர்கள் செய்தது. 2013-இல் நைஜீரியக் கடலில் மூழ்கிய ஜாஸ்கன்-4 இழுவைக் கப்பலின் சமையல்காரர் ஹாரிசன் ஒகீனே சுமார் 30 மீட்டர் ஆழத்தில் 60 மணி நேரம் இப்படித் தாக்குப்பிடித்தார். அது தனி ஆள், பெரிய அறை. மூன்று பேர் ஒரு மூலையில் என்றால் அந்த உதாரணத்தை நம்பி நேரம் கடத்த முடியாது.

கவிழ்ந்த படகைக் கண்டவுடன் முதல் வேலை, உலோகத்தால் அடிப்பாகத்தில் மூன்று தட்டுத் தட்டி, என்ஜினை நிறுத்திக் காது வைப்பது. பதில் தட்டு வந்தால் எந்த இடத்தில் என்று சுண்ணாம்பிலோ பெயின்டிலோ குறிப்பது. பலருக்குத் தோன்றுவது, மேலே தெரியும் பைபரை அறுத்து ஆளை வெளியே எடுத்துவிடலாம் என்பதுதான். அந்தப் படகு மிதந்துகொண்டிருப்பதே உள்ளே அடைபட்ட காற்றால். மேலே ஓட்டை விழுந்தால் காற்று சீறி வெளியேறும், நீர் ஏறும், ஆளோடு படகு போகும். தரை தட்டி நிற்கிற படகு என்றால் அது வேறு. மிதக்கிற படகில் முதலில் காற்றுப் பைகளைக் கட்டி மிதப்பை உறுதி செய்ய வேண்டும். கட்டி இழுக்கவும் கூடாது, நிமிர்த்தவும் கூடாது. சாய்வு மாறினால் காற்று இருக்கும் மூலை மாறிவிடும். மூழ்குநர் உள்ளே போகும்போது எதிரே மிதப்பவை மெத்தை, தூண்டில் நரம்பு, ஐஸ் பெட்டி, கயிறு. ஆளுக்கு ஒரு முகமூடியோடு உபரி மூச்சுக் குழாயையும் எடுத்துப் போய், உள்ளே இருப்பவருக்கு மாட்டி, இரண்டு நிமிடம் மூச்சுப் பழக விட்டு, பிறகுதான் கீழே இறக்க வேண்டும். வெளியே வந்தவரைச் செங்குத்தாகத் தூக்காமல் படுக்கை வாட்டில் ஏற்ற வேண்டும்; நெடுநேரம் குளிர்நீரில் இருந்தவரின் ரத்த அழுத்தம் தூக்கும் கணத்தில் விழுந்துவிடும். மீட்ட பிறகு கையிலேயே இறந்தவர்கள் கதை எல்லாக் கடலோரப் படையிலும் உண்டு.

அன்று 15 பேர் இறந்தார்கள், பெரும்பாலோர் படகுக்குள்ளேயே கிடைத்தார்கள். தலைவரும் ஒரு பயணியும் இரண்டு நாள் கழித்துக் கிடைத்தார்கள்.

முஜொக் பற்றிச் சுருக்கமாக: 2019 ஜனவரி 11 விடியலுக்கு முன், தெற்கே யொக்ஜி தீவில் இருந்து சுமார் 80 கிலோமீட்டர் தள்ளி, எரிவாயுக் கப்பல் ஒன்றோடு மோதிக் கவிழ்ந்தது. 14 பேரில் 9 பேர் பிழைத்தார்கள். மறுபடியும் இருட்டு, மறுபடியும் பார்த்தும் விலகாத இரண்டு கலங்கள்.

தூண்டில் படகில் ஏறப்போகிறவர் கேட்க வேண்டியது அதிகம் இல்லை. உங்கள் பெயரும் சரியான எண்ணும் பட்டியலில் இருக்கிறதா, ஏறாமல் போன நண்பர் பெயர் அடிக்கப்பட்டதா என்று பாருங்கள். ஊதும் ஜாக்கெட் என்றால் குப்பி கையால் இறுக்கித் திருகியிருக்கிறதா, அடையாளம் பச்சையில் இருக்கிறதா, கால் இடுக்குப் பட்டை உண்டா என்று பாருங்கள். பட்டை இல்லாத ஜாக்கெட் நீரில் முகத்துக்கு மேலே ஏறிவிடும். விசிலும் சிறு விளக்கும் ஜாக்கெட்டில் கட்டியிருக்கட்டும், பையில் அல்ல. கைபேசியை நீர் புகாத உறையில் கழுத்தில் மாட்டிக்கொள்ளுங்கள். கவிழ்ந்துவிட்டால் படகை விட்டுக் கரைக்கு நீந்தாதீர்கள். முதுகில் ஏறி, இடுப்புப் பட்டையையோ கயிற்றையோ புரொப்பெல்லர் தண்டில் சுற்றிக் கட்டிக்கொண்டால், கை மரத்துப்போன பிறகும் உடல் அங்கேயே இருக்கும். குளிர்ந்த நீரில் விரல்கள் பத்து நிமிடத்தில் சொல்பேச்சுக் கேட்காது. முடிச்சுப் போடுவதை அதற்குள் முடிக்க வேண்டும்.

படகுக்காரருக்கு ஒரு பொருள் மட்டும்: 406 மெகாஹெர்ட்ஸ் ஆபத்துச் சமிக்ஞைக் கருவி. செயற்கைக்கோள் வழியாக இருப்பிடத்தைச் சொல்லும், குறைந்தது 48 மணி நேரம் ஓடும், ஜிபிஎஸ் உள்ளே உள்ள வகை என்றால் நூறு மீட்டர் சுற்றளவுக்குள் காட்டும். தானாக விடுபடும் தாங்கியில் இருந்தால் 1.5 முதல் 4 மீட்டர் ஆழத்தில் நீர் அழுத்தம் கத்தியைத் தட்டிவிட்டு அதை மேலே அனுப்பும். இங்கேதான் சிறிய பைபர் படகுகளுக்குப் பொறி இருக்கிறது. அவை மூழ்குவதில்லை, கவிழ்ந்து மிதக்கின்றன. சுக்கான் அறைக் கூரையில் பொருத்திய கருவி தலைகீழாக இரண்டு மீட்டர் ஆழத்தில் நிற்கும்; விடுபட்டாலும் தளத்துக்கு அடியிலோ கைப்பிடிக் கம்பிகளுக்குள்ளோ போய் மாட்டிக்கொள்ளும், நீருக்குள் இருந்து சமிக்ஞை வெளியே வராது. ஆகவே கூரையின் நடுவில் அல்ல, பக்க விளிம்பில், மேலே போக வழி திறந்திருக்கும் இடத்தில் பொருத்துங்கள். கையால் இயக்கும் சிறிய கருவி ஒன்றைத் தலைவர் தன் ஜாக்கெட்டிலேயே கட்டிக்கொண்டால் இன்னும் நல்லது. அழுத்தக் கத்தியின் ஆயுள் இரண்டு ஆண்டு. தேதி அதன் மேலேயே குறித்திருக்கும். கருவியைப் பதிவு செய்யும்போது கொடுக்கும் தொலைபேசி எண், படகில் வராமல் கரையில் இருப்பவருடையதாக இருக்கட்டும்.